பதினேழு துளைகள்

மின்னசோட்டாக் குளிர் இன்று எப்படியென்றால், கரையில் நாய் குரைத்தால் சத்தம் உறைந்து கீழே விழுந்து, வெயில் ஏறிய பிறகுதான் காதுக்கு வருகிறது. உறைந்த ஏரியின் விளிம்பில் ஹார்லன் நிற்கிறான். மூன்று குளிர்காலங்களுக்கு முன் இதே பனிக்கட்டி உடைந்து அவன் மனைவி லோயிஸை விழுங்கியது. அதற்குப்பின் அவன் இதில் கால் வைத்ததில்லை. தூண்டில் புழு விற்கும் மார்லிஸ், கரையிலிருந்து, ஏரியின் பனிமேல் நிற்கும் தன் மீன்பிடிக் குடிசை வரை விடியலிலேயே பதினேழு துளைகள் போட்டிருக்கிறாள். குடிசைக்குள் இரண்டு நாற்காலிகள். ஒவ்வொரு துளையருகிலும் குச்சி நட்டு, பனிக்கட்டியின் கனத்தை எழுதியிருக்கிறாள்: பதினெட்டு அங்குலம், பத்தொன்பது, பதினெட்டு. "ஏரியைச் சல்லடையாக்கிட்டியே, மார்லிஸ்." "என் எழுத்தை நம்பாதய்யா. நீயே அளந்து பாரு." அவன் மண்டியிட்டு, அவள் நீட்டிய அளவுகோலை முதல் துளையில் இறக்குகிறான். பதினெட்டுதான். எழுந்து ஓரடி வைக்கிறான், பனி முனகுகிறது, அவன் விரல்கள் அவள் கோட்டுக் கையை இறுகப் பற்றுகின்றன. அடுத்த துளை, மறுபடி மண்டி. ஐந்தாவதில் அவள் சொல்கிறாள்: "நேத்து இங்கதான் ஆறடி மீன் ஒண்ணு பிடிச்சேன்." "புளுகாத. இந்த ஏரியில ஆறடி மீனா?" "பாவம், அழுதுச்சு. விட்டுட்டேன்." "மீன் அழுததை நீ எப்படிக் கண்ட?" "கைக்குட்டை கேட்டுச்சே!" அவன் கோபமாக வாதாடிக்கொண்டே நடக்கிறான், ஆறு, ஏழு, எட்டு என்று துளைகள் பின்னால் போகின்றன, அளவுகோல் அவன் கக்கத்திலேயே இருக்கிறது. மார்லிஸ் அதைக் கவனித்துவிடுகிறாள். மீனை இன்னும் ஓரடி நீளமாக்குகிறாள்.