நடுக்கடலில் ஓர் அழைப்பு

கோடை வெயிலை நம்பி, லண்டனுக்குக் கிழக்கே சவுத்எண்ட் கடலில் இறங்கிய பாய்ப்படகைத் திடீரென இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. படகோட்டி பாயை இறக்குவதற்குள் படகு ஒருபக்கம் சாய்ந்தது.

பிறேமினி கண்ணை மூடிச் செபமாலை உருட்டினாள். அவளுடன் வந்திருந்த பக்கத்து வீட்டு மேரிசாந்தி அக்கா கணவனுக்குப் போன் எடுத்தாள்.

கடைசியாக என்ன சொல்லப்போகிறாள்? பிறேமினி செபத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ."

"என்னப்பா, குரல் நடுங்குது?"

"கதைக்க நேரமில்லை. மழை எங்கட வீடு இருக்கிற செவன் கிங்ஸ் பக்கம்தான் வருது. கார்டனில காயப்போட்ட மோர்மிளகாயை உடன உள்ளுக்கு எடுங்கோ!"

பிறேமினி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"போனை வைச்சிடாதேங்கோ அக்கா! அண்ணையை வேலி ஏறிக் குதிக்கச் சொல்லுங்கோ. என்ர வடகமும் வெளியிலதான் கிடக்குது!"