இது களயாம்

வெள்ளைப் பலகையில் ஆறாவது செமஸ்டரின் கட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. ஜன்னல் வழியே வரும் மதிய வெயில் அவற்றில் ஒன்றின் மேல் மட்டும் விழுகிறது. அது ஜெபமலர் நடத்தும் மொழிபெயர்ப்பு நாவல் பாடம். மாணவர்கள் கழக்கூட்டம் என்ற ஊரிலுள்ள கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கப்போகும் அந்தச் செமஸ்டருக்குப் பாடத்திட்டம் வகுக்கத் துறை ஆசிரியர்கள் கூடியிருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஜெபமலருக்கு, மேசையைச் சுற்றி ஓடும் மலையாளம் பக்கத்து வீட்டு டிவி போலக் கேட்கிறது. துறைத்தலைவர் ஷிபு அந்தக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு அவளிடம் திரும்புகிறார். "இது களயாம், அல்லே டீச்சரே?" கலையாம்! அவளுடைய நாவல்களை இந்த ஊரில் முதல் தடவையாக ஒருவர் கலை என்கிறார். அவள் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டுகிறாள். கம்பெனி சார்பில் வந்திருக்கும் உள்ளூர் வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழன் மஹேஷ் எழுந்து, டஸ்டரால் அந்தக் கட்டத்தைத் துடைக்கிறான். வெயில் இப்போது வெறும் வெள்ளையில் கிடக்கிறது. திரும்பி வந்தவன் அவள் பக்கம் குனிந்து மெல்லச் சொல்கிறான்: "எடுத்துடலாமான்னு சார் கேட்டதும் சிரிச்சுண்டே சரின்னுட்டேளே மேடம். நீங்க சண்டை போடுவேள்னு நெனச்சேன்." அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச்சு தொடங்குகிறது. ஜெபமலரின் உதட்டில் அந்தச் சிரிப்பு, இறக்கிவைக்க இடம் தெரியாமல், இன்னும் நிற்கிறது.