மஞ்சள் துணி கட்டிய சேவல்

அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று அதன் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள் சின்னத்தாய். அவள் உள்ளங்கையில் வைத்தால்தான் அது அரிசி கொத்தும்.

அன்று அவள் பரவை மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"கோழி ஏது?"

"மச்சான் வாங்கிட்டு வந்தாரு," என்றான் அவள் புருஷன் காளை.

நல்ல பசி. இரண்டு துண்டு கூடவே போட்டுச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைக்கும்போது சேவலைக் காணோம்.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். அதுக்குப் போயி இம்புட்டுப் பதறுற?" என்று காளை பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

குப்பைக்குழியில் வெந்நீரில் முக்கிப் பறித்த சிவப்பு இறகுகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, வெட்டிப் போட்ட கால் ஒன்று, மஞ்சள் துணியோடு.

"சாமிக்கு விட்டத என்னையவும் திங்க வச்சுட்டியேய்யா," என்றாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினாள். எப்போதும்போல் முதலில் வெளியே வந்தது அந்தச் சேவல்தான். காலில் துணி மட்டும் இல்லை. முதுகைத் தடவினாள். கறிக்குப் பூசும் மஞ்சள் கையெல்லாம் ஒட்டியது.

அரிசியை நீட்டினாள். அது கொத்தவில்லை. கழுத்தைச் சாய்த்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.