தலைப்பெழுத்து

அரூர் தாலுகா ஆபீஸ் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில், பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் மெல்ல நகர்ந்து தணிகாசலத்தின் இறப்புச் சான்றிதழைக் கடக்கிறது. நகல் சூடாக வந்து விழுகிறது. நாளை சென்னையில் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. ஆதரவற்ற விதவை ஒதுக்கீட்டில் அவர் மனைவி செண்பகவல்லிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் படபடக்கும் நகலை இடது கையால் அழுத்திக்கொண்டு அவள் கையெழுத்துப் போடுகிறாள். கடைக்காரி பௌசியா எட்டிப் பார்க்கிறாள்.

“யக்கா, மார்க்‌ஷீட்ல எல்லாம் மு. செண்பகவல்லின்னு இருக்கு. நீ ‘த’ன்னு போடுற?”

பேனா நிற்கிறது. ‘மு’ அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடமாக அவள் ‘த’ என்றே போட்டு வந்தாள்.

“கை தானா போயிடுச்சு பௌசியா.”

“அங்க உக்காந்திருக்கவனுங்க கைய கேக்க மாட்டானுங்க, காகிதத்தத்தான் பாப்பானுங்க. இரு, வேற எடுத்துத் தரேன். அத இப்பிடிக் குடு, கிழிச்சுப் போடுறேன்.”

புது நகல் வருகிறது. செண்பகவல்லி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிதானமாக ‘மு’ என்று எழுதுகிறாள். பௌசியாவின் கை இன்னும் நீண்டிருக்கிறது.

“இது எங்கிட்டயே இருக்கட்டும்” என்று செண்பகவல்லி சொல்லிவிட்டு, பழைய நகலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, ‘த’வின் மேல் ஈரம் காயும்படி மெல்ல ஊதுகிறாள்.