ஆதில் வருகை

"இதை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை."

செல்போன் திரையில் அந்த வரியைப் பார்த்ததும் ஆதிலுக்கு வந்ததே கோபம்!

பின்னே? மேலப்பாளையத்து வீட்டில், மாடிப்படிக்குக் கீழே அந்தச் சின்ன சர்வரை வாங்கி வைத்தவனே அவன்தான். "நம்ம வீட்டு விசயம் எதுக்கு எவனோ ஒரு கம்பெனிக்காரன் கையில இருக்கணும்?" என்று, போன லீவில் வந்தபோது உட்கார்ந்து குடும்பத்துக்கென்று ஒரு காலண்டர் போட்டுக் கொடுத்தான். உம்மாவின் ஆஸ்பத்திரி நாள், மருந்து வேளை, வீட்டுக்கு யார் எப்போது வருகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் மட்டும், உம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ரைஹானத்திடம்.

உம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். அதனால் காலண்டரில் யார் எதை மாற்றினாலும், கட்டிலோரம் இருக்கும் போன் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும். அந்த ஏற்பாட்டில் ஆதிலுக்கு ஏகப் பெருமை. துபாயில் உடன் வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அப்படிப்பட்ட காலண்டரில் இப்போது அவனுக்கே கதவைச் சாத்தியாகிவிட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"என்ன லாத்தா, உம்மாவுக்கு நீ மட்டுந்தான் புள்ளையா? நான் வெறுமனே பாக்கலாம், எழுதக் கூடாதுன்னு மாத்தி வச்சிருக்க?"

"ஆமாலே. நான்தான் மாத்துனேன்."

"அடுத்த வீட்டு அக்தர் பானு மாமி எழுதலாம். பெத்த புள்ள எழுதக் கூடாதோ? நல்லா இருக்கே நியாயம்!"

"இப்ப என்ன எழுதணும் உனக்கு?"

ஆதில் கொஞ்சம் தயங்கினான்.

"வெள்ளிக்கிழமை வாரேன்னு போட்டிருந்தேம்லா... அதைப் பெருநாளுக்குப் பொறவுன்னு மாத்தணும். இங்கன வேலை தலைக்கு மேல கெடக்கு. லீவு குடுக்க மாட்டேங்குதான்."

"பெருநாள் வரைக்கும் உம்மா தாங்குறது கஷ்டம்னு டாக்டர் சொன்னதை உங்கிட்ட சொன்னேம்லா?"

"சொன்ன. டாக்டருங்க அப்படித்தான் பயங்காட்டுவாங்க. நீ முதல்ல எனக்கு உரிமையைக் குடு."

"ஏலே, 'ஆதில் வருகை'ன்னு அந்தப் போன் சொன்னதும் உம்மா என்ன செய்வா தெரியுமா? மாடி ரூமைக் கூட்டச் சொல்லுவா. உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போடச் சொல்லுவா. பொறவு ஒவ்வொரு தடவையும் அதே போன், தேதி மாறிருச்சுன்னு சொல்லும். அன்னைக்குப் பூரா அவளுக்குக் கஞ்சி கூட எறங்காது."

"அதுக்காக என் உரிமையையே எடுத்துருவியா?" என்றான் ஆதில்.

"உன் உரிமையை எடுக்கணும்னு எனக்கா தோணிச்சு? உம்மாதான் சொன்னா. 'ஏளா, அவன் கையிலேருந்து அதை வாங்கிரு. அது பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கு. புள்ளையைத் திட்டிராத, அவனுக்கு அங்கன என்ன கஷ்டமோ'ன்னா."

கோபம் போன இடம் தெரியவில்லை. உண்மையில், இந்த முறை அவன் யாரிடமும் லீவே கேட்கவில்லை. அது அவனுக்கு மட்டுந்தான் தெரியும். கேட்டால் வரப்போகிற பதவி கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்.

நினைக்க நினைக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"லாத்தா... அல்லா மேல ஆணையா நாளைக்கே கெளம்புதேன். எவன் என்ன சொன்னாலும் சரி. ஒரே ஒரு தடவை உரிமையைக் குடு. நாளைக்கு வாரேன்னு நானே மாத்திருதேன். உம்மா காதால கேக்கட்டும்."

ரைஹானத்தும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"எழுதாண்டாம்லே. பேசாம வந்து நில்லு. நீ எழுதுனா, உம்மா இனி நம்ப மாட்டா."