கழன்ற வயர்

என் பழைய ஜீப்பை வாங்க வந்தவர் மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். மெக்கானிக் பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இரண்டையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் சுவிட்சைப் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். மற்றது எதிர்ப்பக்கம் சுழன்றது.

"ரெண்டும் ஒரே பக்கம் சுத்தணும் சார். லாக் விழல. சேத்துல மாட்டினா அவ்வளவுதான்."

இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

"இவரும் போயாச்சா? இந்தத் தகரத்தை வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" சமையலறையிலிருந்து மனைவி அலுத்துக்கொண்டாள்.

முட்டிவலியோடு வண்டிக்கடியில் நுழைந்து பார்த்தேன். லாக்குக்குப் போகும் வயர் கழன்று தொங்கியது. மாட்டப்போன கை நின்றது. வயர் முனையில் பிசைந்த மாவு ஒட்டியிருந்தது.

அதைத் துடைத்துவிட்டு, வயரை மாட்டாமலே உள்ளே போனேன்.

"என்னவாம்?" மாவுக் கையோடு கேட்டாள்.

"சரிபண்ணவே முடியாது போல."

"தலையெழுத்து! அப்ப நாமளே ஓட்டித் தொலைப்போம்."