அடிவரியில் ஒரு பெயர்

பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனைப் பலகை செய்து கொடுத்தவள் கருவாடு விற்கும் அன்னப்பழம். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. 'உபயம்' என்று அவள் பெயரை உச்சியில் கொட்டை எழுத்தில் போடப்போன பெயின்டரைத் தடுத்து, கடைசி வரியில் பொடியாக எழுதச் சொன்னாள்.

"என் பேர வாசிக்க முடியாத புள்ளைக்கெல்லாம் கண்ணாடி என் பொறுப்பு."

மூன்று நான்கு பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். பரிசோதனை நடந்த அன்று மதியத்துக்குள் பதினேழு பிள்ளைகள் அந்த வரியில் திணறி நின்றார்கள்.

தலைமை ஆசிரியர் அவளைத் தனியே அழைத்தார். "பேரைக் கொஞ்சம் பெருசா எழுதிரலாமாம்மா? உங்களுக்கும் கட்டுப்படியாகணும்ல."

அன்னப்பழம் பலகையைப் பார்த்தாள். அவளுக்குமே அந்த வரி மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஒத்த எழுத்துகூடப் பெருசாகக் கூடாது சார். அடுத்த புள்ளையக் கூப்பிடுங்க."